மாமாங்கக் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு

அம்மா கற்பூரம் கொளுத்தச் சொல்லி 100 ரூபா தந்தார். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நான் மோட்டார்சைக்கிளில் ஏறும்போது, இவருடைய சட்டைக்குள்ளே வயிற்றோடு ஒட்டினபடி மூடி இறுக்கின சின்னப் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றில் பரிசோதனைக்கு எடுத்த விந்து இருந்தது. உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும், எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் லாப்பில் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆரையம்பதியிலிருந்து டவுன் ஒன்றும் தூரமில்லை, ஆனால் அன்றைக்குப் பார்த்து காத்தான்குடியில் பேரீச்சை மரங்கள் நிற்கிற இடத்தில் ஒரு லொறி குறுக்கே நின்றுவிட்டது. இவர் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஹோன் அடித்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை, கல்லடிப் பாலம் ஏறும்வரை நான் மணிக்கூட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

கலியாணம் முடித்து நாலு வருசம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தானே, மாப்பிள்ளைதான் வந்து சேருவார். அதனால் நாடகத்தில் வருகிற மாமியார் கதை எதுவும் எனக்கு இல்லை. எனக்கு இருந்தது பெற்ற தாய். நான் தலை முழுகுகிற நாளை அம்மா மனதுக்குள் கணக்கு வைத்திருந்தார். கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம் கேட்டதும் குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றுவிடும். ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கொஞ்ச நேரத்தில் துருவல் திரும்பத் தொடங்கும், அவ்வளவுதான். பெரியம்மாவின் பேத்தியுடைய சாமத்திய வீட்டில் ஆரத்தித் தட்டு வரிசையாகக் கைமாறி வந்து என்னிடம் வருவதற்கு முன்னால் அடுத்த ஆளிடம் போனது. அதைத் தாண்டிக் கொடுத்த கையும் அம்மாவுடையதுதான். ஊர் வாய் என் பிள்ளை மேல் விழக் கூடாது என்று நினைத்திருப்பார் என இப்போது யோசிக்கிறேன். அன்றைக்கு மண்டபத்துப் பின்னால் போய் அழுதேன்.

வைத்தியத்துக்குப் போகாமல் இல்லை. ஒரு தனியார் கிளினிக்கில் கருமுட்டை வளருவதற்கென்று ஆறு மாதம் குளிசை தந்தார்கள். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, தைராய்டு, எல்லாம் எனக்குத்தான். எல்லாம் சரியென்றே வந்தது. அந்த ஆறு மாதமும் இவரை ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, இவரும் வெளியே வாங்கில் இருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். குறை இருந்தால் பொம்பிளையிடம்தான் இருக்கும் என்று ஊர் நினைக்கிறது என்றால் சரி, படித்த டொக்டருக்குமா?

கடைசியில் வழி காட்டியது எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ். முழுகாமல் இருந்தால்தான் அவரிடம் பதிய வேண்டும் என்று நினைத்து நான் ஒதுங்கியே இருந்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க வந்தவர், வேலியடியில் நின்ற என்னைக் கூப்பிட்டு, "நீங்க கலியாணம் முடிச்ச உடனேயே என்ட கொப்பியில வந்திருக்கணும் பிள்ளை" என்றார். புதுசாக முடித்தவர்களையும், பிள்ளை தங்காமல் இருப்பவர்களையும் பார்ப்பதும், போலிக் அசிட் தருவதும், எம்.ஓ.எச். என்கிற பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி மூலம் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கடிதம் எடுத்துத் தருவதும் அவருடைய வேலைதானாம். பெண்ணுக்கு 35 வயதுக்குக் குறைவென்றால் ஒரு வருசம் பார்க்கலாம், அதற்கு மேலென்றால் ஆறு மாதத்திலேயே வரச் சொல்வார்களாம். பிறகு கேட்டார், "அவருக்கு ரெஸ்ட் செஞ்சாச்சா?"

இல்லை என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

இவரிடம் அதைச் சொல்ல எனக்கு ஒன்பது நாள் எடுத்தது. முதல் கோபம், பிறகு இரண்டு நாள் பேச்சில்லை, பிறகு பேக்கரியால் வந்து மாக்கையோடு கட்டிலில் இருந்து, "சரி, என்ன செய்யணும்?" என்றார். இரண்டிலிருந்து ஏழு நாள் விலகி இருந்துவிட்டு எடுக்க வேண்டும் என்று தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. அப்படித்தான் மாமாங்கம் வந்தது.

ரிப்போட்டில் ஒரு மில்லிலீட்டருக்கு 9 மில்லியன் விந்தணு. கீழ் எல்லையாகச் சொல்வது 16 மில்லியன். கிளினிக்கில் இருந்த டொக்டர் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, இவரைப் பார்த்தே பேசினார். அதுவே எனக்குப் பாதி மருந்து. விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய இரண்டரை மாதம் எடுக்கும், அதற்குள் கடும் காய்ச்சல் வந்திருந்தால் எண்ணிக்கை விழும், ஒரு ரிப்போட்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்றார். இவருக்கு அதற்கு முந்தின மாதம்தான் டெங்கு. அதோடு வேலை என்ன என்று கேட்டார். பேக்கரியில் பாண் வேகிற போறணைக்கு முன்னால் இரவு முழுக்க நிற்பதைச் சொன்னதும் பேனையை வைத்துவிட்டார். விதைகள் உடம்புச் சூட்டை விடக் கொஞ்சம் குளிராக இருக்க வேண்டியவை, அதனால்தான் வெளியே தொங்குகின்றன என்று அவர் விளக்க, இவர் வாழ்க்கையில் முதல்முறையாக வெட்கப்பட்டதைப் பார்த்தேன். சிகரெட்டை விடச் சொன்னார், போறணையை வேறு ஆளிடம் கொடுக்கச் சொன்னார், மூன்று மாதம் கழித்துத் திரும்பச் செய்து பார்க்கச் சொன்னார்.

போத்தல் கொண்டுபோன அன்றைக்குத் திரும்பும்போது பொய் சொன்ன பயத்தில் உண்மையாகவே மாமாங்கத்துக்குப் போய் அந்த 100 ரூபாவுக்கும் கற்பூரம் வாங்கிக் கொளுத்தினோம்.

அந்த மூன்று மாதம் போன கிழமை முடிந்தது. விடிய நான் சட்டையைத் தேய்த்துக்கொண்டு இருக்கிறேன், அம்மா தேத்தண்ணியோடு வந்து, "ரெண்டு பேரும் வெள்ளண எங்க?" என்றார். நான் மாமாங்கம் என்று வாயெடுக்க முதல் இவர் உள்ளே இருந்து, "எனக்கு ஒரு ரெஸ்ட் இருக்கு மாமி. பிள்ளை விசயமா. போன முறை எனக்குத்தான் குறைவா வந்தது" என்றார்.

அம்மா தேத்தண்ணிக் கோப்பையை என்னிடம் தராமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதை அவர் பக்கம் கொண்டுபோய் வைத்து, "ஆறுறதுக்குள்ள குடிச்சிட்டுப் போங்க மகன்" என்றார்.