ராஜ்தூத் 350-க்கு காயிலும் பிளாட்டினமும் தேடி அலைந்த கதை

ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் வண்டி இப்போது இரண்டு சிலிண்டரிலும் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் நடுவில் தலையில் கட்டப்பட்ட தவறான சாமான்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கோளாறு இதுதான்: இஞ்சின் ஆறியிருக்கும்போது ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் ஒரு பக்கச் சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது விட்டுவிட்டு எரியும். இந்த வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் (பிளக்கில் பொறி வர வோல்டேஜை ஏற்றும் சுருள்), தனிப் பிளாட்டினம் (காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் முனைகள்). அதனால் கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு காயில்களையும் பக்கம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே பக்கம் மாறினால் காயில் போய்விட்டது என்று அர்த்தம். எனக்கு மாறியது. கூடவே பிளாட்டினம் திறக்கும் இடத்தில் நீலப் பொறி பறந்தது. ஒரு முனையில் குழி, எதிர் முனையில் மேடு. பிளாட்டினத்தில் பொறி பறக்காமல் அடக்கும் கண்டன்சரும் சாகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். சரி, மூன்றையும் மாற்றிவிடலாம் என்று இறங்கினேன்.

காயிலில்தான் பெரிய அலைச்சல். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது பார்வைக்கு அச்சு அசல் அதேதான். "எல்லாம் பன்னெண்டு வோல்ட்தான் சார், மாட்டி ஓட்டுங்க" என்றார். வீட்டில் மீட்டர் வைத்தால் பிரைமரி (காயிலுக்குள் பேட்டரி கரண்ட் ஓடும் சுற்று) 1 ஓமுக்கும் கீழே காட்டுகிறது. அது சிடிஐ வண்டியின், அதாவது பிளாட்டினம் இல்லாமல் எலக்ட்ரானிக் முறையில் பொறி தரும் வண்டியின் காயில்! சிடிஐ காயில் என்பது கப்பாசிட்டரிலிருந்து ஒரு நொடியின் சிறு துளி நேரம் மட்டும் பாயும் கரண்டுக்காகச் சுற்றியது. நம் வண்டியில் பிளாட்டினம் மூடியிருக்கும் நேரம் முழுக்க பேட்டரி கரண்ட் காயில் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். 4 ஓம் காயிலில் அது 3 ஆம்பியர். 1 ஓம் காயிலில் 12 ஆம்பியர்! காயில் கொதிக்கும், பிளாட்டினம் கருகும். திருப்பிக் கொண்டுபோனால், எலக்ட்ரிக்கல் சாமான் ரிட்டர்ன் கிடையாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேசிப் பயனில்லை, பணம் போனது போனதுதான். தயவுசெய்து மீட்டரைக் கடைக்கே கொண்டு போங்கள். பிரைமரி 3-லிருந்து 5 ஓமுக்குள் இல்லையென்றால் கல்லாவுக்கே போகாதீர்கள். பிளாட்டினம் வைத்த 12 வோல்ட் வண்டியின் நல்ல காயில் எதுவானாலும், துளை பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பட்டையை வளைத்துத் துளை போட்டால் உட்கார்ந்துவிடும். கடைசியில் நான் செய்ததும் அதைத்தான்.

பிளாட்டினம் அடுத்த கதை. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் இந்த வண்டியைக் கொண்டுவந்தபோது அடிப்படை யமஹாவின் ஆர்டி 350பி. அதனால் வெளிநாட்டில் எழுபதுகளின் ஆர்டி 350-க்கு விற்கும் பிளாட்டினம் இதற்கும் பொருந்தும். தேடும்போது இந்த விவரம் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டும் வேறு வேறு. ஆர்டரில் தெளிவாக எழுதியிருந்தும் எனக்கு வந்தவை இரண்டும் இடது! விற்றவரிடம் படம் அனுப்பிக் கெஞ்சி, வலது வந்து சேர்வதற்குள் பொறுமையே போய்விட்டது. வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். ஃபைபர் வாஷர் எல்லாம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஒன்று குறைந்தாலும் பிளாட்டினம் பாடியில் எர்த் ஆகி, கரண்ட் சுத்தமாக வராது. பழைய வாஷர்களைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருங்கள். புது முனைகளில் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

கண்டன்சருக்குப் பழைய பெட்டியில் கிடந்த 'ஒரிஜினல்' வேண்டாம். உள்ளே காகிதச் சுருள் வைத்த பழைய கண்டன்சர், அலமாரியில் சும்மா இருந்தாலே ஈரம் இழுத்துக் கெட்டுப்போகும். கெட்டதும் சூட்டில்தான் குணத்தைக் காட்டும். ஆறியிருக்கும்போது சோதித்தால் நல்லதாகவே தெரியும். பிளாட்டினம் வைத்த பழைய கார்களின் புதுக் கண்டன்சர் 0.2 மைக்ரோஃபாரட் சுற்றி இருக்கும். அதையே போட்டேன். நீலப் பொறி அன்றே அடங்கியது. இவ்வளவு தேடலில் மனசு நிறைந்த இடம் அதுதான்.

மாட்டுவது பெரிய வேலையில்லை. முதலில் கேப் (பிளாட்டினம் திறக்கும் இடைவெளி), அப்புறம்தான் டைமிங் (பொறி விழும் நேரம்). கேப் மாறினால் டைமிங்கும் மாறும். கேப் 0.30-லிருந்து 0.40 மி.மீ.க்குள். டைமிங்குக்குப் பிளக் துளையில் டயல் கேஜ் வைத்து, பிஸ்டன் உச்சிக்கு 2.0 மி.மீ. முன்னால் பிளாட்டினம் திறக்கும்படி வையுங்கள். இதை ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். காதால் கேட்டு வைத்துவிடலாம் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். டைமிங் அதிகமாக முன்னால் போனால் இந்த இஞ்சினில் பிஸ்டனில் ஓட்டை விழும். அப்புறம் பிஸ்டன் தேட வேண்டியிருக்கும், அது இதைவிடக் கஷ்டம்.

பிளாட்டினத்தைத் திறக்கும் கேமில் கிரீஸ் ஒரு பொட்டு வைக்க மறக்காதீர்கள். புதுப் பிளாட்டினத்தின் ஹீல் (கேமில் உரசும் பகுதி) ஆரம்பத்தில் வேகமாகத் தேயும், கேப் குறையும், டைமிங் பின்தங்கி வண்டியின் இழுவை போகும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மூடியைத் திறந்து பார்த்தேன், கேப் குறைந்துதான் இருந்தது. கேப்பையும் டைமிங்கையும் மறுபடி சரியாக வைத்த பிறகு இன்றுவரை மிஸ்ஸிங் இல்லை.