தடுப்பூசி இல்லையா, மிஸி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து கர்ப்பிணிகள் வந்துபோகும் ஒரு கிளினிக்கின் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். முதல் பரிசோதனைக்கு வருகிறவர்களின் இரத்தத்தில் மேகநோய் (சிபிலிஸ்) இருக்கிறதா என்று ஆர்பிஆர் அட்டையில் பார்ப்பது என் அன்றாட வேலை. அட்டையின் வெள்ளை வட்டத்தில் ஊநீரையும் கரித்தூள் கலந்த மருந்தையும் சொட்டி, சுழல் கருவியில் எட்டு நிமிடம் விடவேண்டும். நோய் இல்லையென்றால் வட்டம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். இருந்தால் கரித்தூள் கருமணிகளாகத் திரண்டு நிற்கும். வலுக்குறைந்த மணிகளை விளக்கடியில் அட்டையைச் சாய்த்துப் பிடித்தால்தான் காணமுடியும். தோட்டத்துப் பெரியவர்கள் இந்நோயைக் கிரந்தி என்பார்கள். இளையவர்களுக்கு அந்தப் பெயரும் தெரியாததால், பெயரே இல்லாத நோயாக அது உலவிக்கொண்டிருந்தது.

ஊநீரை எத்தனை மடங்கு நீர்த்தாலும் மணி திரள்கிறதோ அதுவே நோயின் அளவு; 1:32 என்றால் 32 மடங்கு. தலைப்பிள்ளைக்கு வந்தபோது 1:32 காட்டிய ஒரு பெண்ணுக்கு 24 லட்சம் அலகு பென்சத்தின் பென்சிலின் போட்டார்கள். அளவு 1:2 வரை இறங்கியது. குழந்தையும் நலமாகப் பிறந்தது. 2018இன் கடைசியில் அடுத்த கர்ப்பத்துக்கு வந்தவளின் இரத்தம் 1:64 காட்டியது. லாரி ஓட்டும் கணவர் அதுவரை ஒருமுறைகூடச் சிகிச்சைக்கு வரவில்லை.

"ஊசி போட்டு சரியாயிருச்சுன்னு சொன்னீங்களே, மிஸி. பிள்ளைங்களுக்குப் போடுற மாதிரி இதுக்குத் தடுப்பூசி இல்லையா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தாயிடமிருந்து சேய்க்கு எச்ஐவியும் மேகநோயும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அறிவித்து அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த அறிவிப்பு குழந்தைகளைப் பற்றியது, பெரியவர்களிடையே நோய் இருந்துகொண்டுதான் இருக்கிறது என்பதை அவளுடைய அட்டை எனக்குப் புரியவைத்தது.

அதன்பிறகுதான் தேடிப் படித்தேன். நோய்க்கிருமியை ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஷாடினும் ஹாஃப்மனும் 1905இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அது ஆய்வுக்கூடத் தட்டில் வளர மறுத்தது. 1912இல் பிரித்தெடுத்த நிக்கல்ஸ் என்ற கிருமி வகையை நூறு ஆண்டுக்கு மேலாக முயலின் விரைக்குள் ஏற்றி ஏற்றியே உயிரோடு வைத்திருந்தார்கள். முயல் செல்களோடு சேர்த்துக் கண்ணாடிக் குடுவையில் தொடர்ந்து வளர்க்க ஹூஸ்டன் ஆய்வாளர்களுக்கு வழி தெரிந்ததும் அதே 2018இல்தான். அப்போதும் அது இரட்டிப்பாக முப்பது மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, நம் எதிர்ப்பணுக்கள் பற்றிக்கொள்வதற்கு அதன் மேலுறையில் புரதங்கள் மிகக் குறைவு. இருப்பவற்றில் டிபிஆர்கே என்ற ஒன்று தன் பகுதிகளை மாற்றி மாற்றி வேடம் போடுகிறது. ஒருமுறை நோய் கண்ட உடம்பே பாடம் கற்கவில்லை என்றால், தடுப்பூசி அதற்கு எதைக் கற்பிப்பது?

ஆனாலும் முடியவே முடியாது என்று சொல்வதற்கில்லை. காமாக் கதிரால் வலுவிழக்கச் செய்த கிருமிகளை முயல்களுக்கு 37 வாரங்களில் 60 முறை ஊசியாகப் போட்டு, முழுப் பாதுகாப்பு கிடைப்பதை மில்லர் என்ற ஆய்வாளர் 1973இல் காட்டினார். 37 வாரம் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கிளினிக்கில் அது பிள்ளை நிறைமாதம் ஆகும் கணக்கு. மனிதருக்கு அப்படி ஊசி போட இயலாது. கிருமி உடம்பெங்கும் பரவாமல் தடுப்பதற்காக, அதன் புரதம் ஒன்றையே தடுப்பூசியாகக் கனடாவில் கேமரன் என்ற ஆய்வாளரின் குழுவினர் முயல்களில் சோதித்திருக்கிறார்கள். புண் வருவதைத் தடுக்காவிட்டாலும், நச்சுக்கொடியைத் தாண்டவிடாத அரைகுறைத் தடுப்பூசி ஒன்று வந்தாலே போதும் என்பது என் எண்ணம். முழுமையானதுதான் வேண்டும் என்று காத்திருக்கும் நிலையில் கர்ப்பிணிகள் இல்லை.

மருத்துவர் தொலைபேசியில் இரண்டு முறை கூப்பிட்ட பிறகு அந்தக் கணவர் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு சட்டைக் கையை மடித்தபடி, "ஒரு ஊசியோட முடிஞ்சிருமா, மிஸி?" என்று கேட்டார்.

"இந்தத் தடவைக்கு முடிஞ்சிரும்" என்று சொல்லி, இரப்பர் பட்டையை இறுக்கினேன்.