பழைய செஸ்னா 172 வாங்குமுன்: வில்லங்கம், லாக்புக், கேம்ஷாஃப்ட்

அமெரிக்காவில் சொந்தமாக விமானம் வாங்க நினைக்கும் பலர் முதலில் தேடுவது 1970களில் வந்த ஒரு செஸ்னா 172. நான்கு இருக்கை, ஒற்றை எஞ்சின், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் கைப்பழக்கமானது. விளம்பரப் படத்தில் பளபளக்கும் பெயிண்டும் புது ஜி.பி.எஸ். திரையும்தான் கண்ணில் படும். பெயிண்டை எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். செய்த வேலையெல்லாம் எழுதிவைக்கும் லாக்புக் தொலைந்தால் எங்கும் வாங்க முடியாது. எஞ்சினின் வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். அதனால் காகிதத்தை முதலில் பாருங்கள், பிறகு எஞ்சின், அதன்பின் உடல்.

நிலம் வாங்குமுன் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல இதற்கும் உண்டு. நாட்டின் எல்லா விமானங்களுக்கும் ஒரே பதிவகம்தான்: ஓக்லஹோமா சிட்டியில் உள்ள, எஃப்.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பதிவகம். அந்த ஊரிலேயே இதைத் தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. விமானத்தின் பதிவு எண்ணான வால் எண்ணைக் கொடுத்தால் யார் யாருக்கு விற்றார், எந்தக் கடன் பதிவாகியிருக்கிறது என்று தேடித் தருவார்கள். கடன் விமானத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். விற்றவர் கட்டவில்லை என்றால் வங்கி உங்கள் விமானத்தைத்தான் தேடி வரும். பல நேரம் கடன் எப்போதோ அடைந்திருக்கும், அடைந்ததற்கான விடுவிப்புப் பத்திரம் மட்டும் பதிவாகியிருக்காது. கடன் கொடுத்த வங்கி இதற்குள் வேறொன்றோடு இணைந்திருந்தால் அந்த ஒரு தாளுக்கே வாரக்கணக்கில் அலைய வேண்டும். அது விற்பவர் வேலை. உங்கள் பணம் போய்ச் சேருமுன் முடிய வேண்டிய வேலை. சில மாநிலங்களில் மெக்கானிக்கின் கூலி பாக்கி இந்தப் பதிவகத்துக்கே வராமல் விமானத்தின் மேல் உரிமையாக நிற்கும். கடைசியாகச் செய்த பெரிய வேலைகளுக்குப் பணம் கட்டிய ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

அதே பதிவகத்திலிருந்து 337 என்ற எண்ணுள்ள படிவங்களும் கிடைக்கும். பெரிய பழுதுபார்ப்பு, பெரிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஒரு 337 இருக்க வேண்டும். அதை லாக்புக்கோடு நாள்வாரியாக ஒப்பிடுங்கள். இறக்கையைச் செப்பனிட்டதாக 337 சொல்கிறது, லாக்புக்கில் அந்த ஆண்டே மௌனம் என்றால் விபத்தை மறைத்திருக்க வாய்ப்புண்டு. உடல், எஞ்சின், ப்ரொப்பெல்லர் மூன்றுக்கும் தனித்தனிப் பதிவு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஏ.டி. எனப்படும் கட்டாயப் பாதுகாப்பு ஆணைகளின் பட்டியலில் எண், செய்த முறை, தேதி, ஓடிய மணி, கையெழுத்து எல்லாம் வேண்டும். செஸ்னாவில் இருக்கைத் தண்டவாள ஆணை ஒன்று உண்டு, எண் 2011-10-09. தண்டவாளத் துளைகள் தேய்ந்து, மேலெழும்பும் நேரத்தில் விமானியின் இருக்கை பின்னோக்கி வழுக்கிய விபத்துகள் காரணமாக வந்தது. 100 மணிக்கு ஒருமுறை அல்லது 12 மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அதன்படி சோதிக்கச் சொல்கிறது. இந்த ஒரு வரியை அசட்டையாக எழுதியிருப்பவர் மற்றவற்றையும் அப்படியே பார்த்திருப்பார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எஞ்சினுக்கு வருவோம். அந்தக் கால 172இல் இருக்கும் லைக்கமிங் ஓ-320க்கு ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும்) இடைவெளி 2000 மணி, இல்லாவிட்டால் 12 ஆண்டு. சொந்த உபயோகத்துக்கு இது கட்டாயமில்லை, பரிந்துரைதான். சந்தையில் விலை இந்த மணிக்கணக்கை வைத்தே ஏறி இறங்கும். ஆனால் 15 ஆண்டு முன் ஓவர்ஹால் ஆகி 300 மணி மட்டுமே ஓடிய எஞ்சினைவிட, வாரம் தவறாமல் பறந்து 1400 மணி கண்ட எஞ்சினை நம்பலாம். காரணம் அமைப்பிலேயே இருக்கிறது: இதில் கேம்ஷாஃப்ட் கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. நிறுத்தி வைத்தால் எண்ணெய் கீழே வடிந்துவிடும், ஈரம் மேலே படியும், துருப் புள்ளி விழும். அடுத்து ஓடும்போது அந்தப் புள்ளி, கேம் தள்ளும் துண்டான டேப்பெட்டை அரைக்கும். 1977 முதல் 1980 வரை வந்த 172-என் ரகத்தின் ஓ-320-எச்2ஏடி எஞ்சினுக்கு இந்தத் தொல்லையில் தனிக் கெட்ட பெயரே உண்டு.

கம்ப்ரஷன் சோதனையில் 80 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் கொடுத்து, சிலிண்டர் எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பார்கள். காற்று கசியும் சத்தம் புகைக்குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங், கார்புரேட்டரில் கேட்டால் இன்டேக் வால்வு. நான்கு சிலிண்டரும் 76, 78 என்று காட்டியதும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். கேம்ஷாஃப்ட் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் இந்தச் சோதனையில் தெரியாது! எண்ணெய் ஃபில்டரை வெட்டி மடிப்பை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் கிடைத்தால் கேமும் டேப்பெட்டும்தான் முதல் சந்தேகம். உள்ளே பார்க்கும் சிறு கேமராவான போரஸ்கோப்பை விட்டு எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ப்ரொப்பெல்லர் எப்போதாவது தரையில் மோதியிருந்தால், அதன்பின் எஞ்சினைத் திறந்து சோதித்த பதிவு இருந்தே ஆக வேண்டும்.

உடலில் முதலில் ஃபயர்வாலை, அதாவது எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் நடுவிலுள்ள தகட்டைப் பாருங்கள். மூக்குச் சக்கரத்தில் பலமாக இறங்கிய 172களில் அந்தத் தகட்டில் சுருக்கம் விழுந்திருக்கும். கடலோரத்தில் நின்ற விமானமென்றால் இறக்கைக்குள்ளும் வாலுக்குள்ளும் விளக்கடித்து அரிப்பைத் தேடுங்கள். அந்தக் காலத்தில் உட்புறப் பாதுகாப்புப் பூச்சு கூடுதல் காசு கொடுத்தவர்களுக்கு மட்டுமே.

இதையெல்லாம் பார்க்கும் மெக்கானிக் அந்த விமானத்தை முன்பு தொட்டிராதவராக இருக்கட்டும். விற்பவரின் மெக்கானிக் நேற்று முடித்த வருடாந்திரச் சோதனையை வைத்து விலையைக் கூட்டாதீர்கள். வாங்குமுன் செய்யும் சோதனைக்குச் சட்டத்தில் தனி வரையறை கிடையாது. அதை வருடாந்திரச் சோதனையாகவே செய்தால், பறக்கத் தகுதியில்லை என்று எழுதப்படும் ஒரு குறை விற்பவரின் விமானத்தை அங்கேயே முடக்கிவிடும். என்ன பார்ப்பது, குறைக்கு யார் செலவு, எந்தக் குறை வந்தால் முன்பணம் திரும்பும் என்பதை எல்லாம் முன்பணம் கொடுக்குமுன் எழுதிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் விலையையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பறந்த மணி குறைவான விமானிக்குப் பயிற்றுநரோடு இத்தனை மணி பறந்த பிறகே தனியாகப் பறக்கலாம் என்று நிபந்தனை வரும்.

பணம் எஸ்க்ரோ மூலமாக, அதாவது இருவருக்கும் பொதுவான மூன்றாம் நிறுவனம் வழியாகப் போகட்டும். விற்பவர் கையெழுத்திட்ட 8050-2 விற்பனைப் பத்திரம், வாங்குபவரின் 8050-1 பதிவு விண்ணப்பம், முழுத் தொகை மூன்றும் அங்கே சேர்ந்தபின் ஒரே நேரத்தில் விடுவிப்பார்கள். பதிவகத்திலிருந்து பத்திரம் திரும்பி வருவது பெரும்பாலும் பெயரால்தான். பதிவில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கணவன் மனைவி பெயரில் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும், நிறுவனத்தின் பெயரில் இருந்தால் கையெழுத்திட்டவரின் பதவியும் வேண்டும்.

விற்பவருக்கு: லாக்புக்கின் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள், அசலைப் பணம் வரும்வரை கைவிடாதீர்கள். பழைய பதிவுச் சான்றின் பின்புறத்தை நிரப்பிப் பதிவகத்துக்கு நீங்களே அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் அந்த விமானம் செய்யும் எதற்கும் கடிதம் உங்கள் வீட்டுக்கே வரும். வாங்கியவர் புதுச் சான்று வரும்வரை விண்ணப்ப நகலை விமானத்தில் வைத்துக்கொண்டு பறக்கலாம். அந்த நகல் நாட்டுக்குள் மட்டுமே செல்லும். பஹாமாஸுக்கோ கனடாவுக்கோ போக அசல் சான்று கைக்கு வந்திருக்க வேண்டும்.