ஷானன் கரை மடமும் எகிப்துத் துறவிகளும்

அயர்லாந்து என்றதும் பெரும்பாலோர் மொகர் செங்குத்துப் பாறைகளைச் சொல்வார்கள், அடுத்தபடியாக கின்னஸ் பீர் ஆலையை. இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கி.பி. 500க்கும் 1200க்கும் நடுவே அங்கே வாழ்ந்தவர்கள் கல்லிலும் தோலிலும் வெள்ளியிலும் செய்துவைத்ததைப் பார்க்காமல் திரும்பினால், என்னைக் கேட்டால், விமானச் செலவு தண்டம். ரோமப் பேரரசு பிடித்து ஆளாத தீவு அது. ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் வந்து துறைமுகங்கள் போடும்வரை நகரம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. அவர்கள் அடிக்கும்வரை நாணயமும் கிடையாது. சொத்துக் கணக்கெல்லாம் மாட்டுக் கணக்குதான். தீவு முழுக்கக் குறுநில மன்னர்கள், ஆளுக்கு ஒரு மூலையில். இப்படிப்பட்ட இடத்தில் அப்படிப்பட்ட கலை எப்படி வந்தது என்ற கேள்வியோடுதான் நானும் என் மனைவியும் கிளம்பினோம்.

டப்ளினில் கில்டேர் தெருத் தேசிய அருங்காட்சியகத்திலிருந்து தொடங்குவது நல்லது. கட்டணம் இல்லை, கூட்டமும் குறைவு. தாரா ஊக்கு என்று ஒரு நகை இருக்கிறது. மேலாடையைத் தோளில் சேர்த்துக் குத்திக்கொள்ளும் ஊக்கு, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. 1850இல் பெட்டிஸ்டவுன் கடற்கரைப் பக்கம் கிடைத்தது. பழைய அரசர்களின் தாரா குன்றுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கை மாறி வாங்கிய நகை வியாபாரி விலை போவதற்காக வைத்த பெயர் அது. வியாபாரி எந்த ஊரிலும் வியாபாரிதான். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுள்ள அந்த வளையத்தில் தங்கக் கம்பிச் சுருள், அம்பர், கண்ணாடி, ஒன்றையொன்று கடித்துக்கொண்டு போகும் மிருகங்கள். கண்ணாடிப் பெட்டியின் பின்பக்கம் போய் நில்லுங்கள். அணிந்தால் துணியோடு ஒட்டி மறைந்துபோகும் அந்தப் பக்கத்திலும் சுழி சுழியாக வேலை செய்திருக்கிறான் கொல்லன். அந்தச் சுழிகள் கிறிஸ்தவம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கெல்டிக் கொல்லர்கள் வாளிலும் உறையிலும் போட்டவை. சாமி மாறியும் கை மாறவில்லை.

பக்கத்திலேயே ஆர்டா கிண்ணம். பூசையில் திராட்சை இரசம் வைக்கும் வெள்ளிப் பாத்திரம். 1868இல் லிமெரிக் மாவட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தவர்கள் கையில் அகப்பட்டது. முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளை இணைத்துச் செய்தது. கழுத்துப் பட்டைக்குக் கீழே அப்போஸ்தலர்களின் பெயர்கள் மெல்லிய கீறலாக ஓடுகின்றன. விளக்கொளி சரியாகப் படும் கோணத்தில் தலையைச் சாய்த்தால்தான் தெரியும்.

நான் அதிக நேரம் நின்றது இவை இரண்டின் முன்னாலும் இல்லை. 2006இல் டிப்பரரி மாவட்டத்துச் சதுப்பு நிலத்தில் இயந்திரம் வைத்துக் கரிமண் வெட்டிக்கொண்டிருந்தவர் கண்ணில் பட்ட ஒரு திருப்பாடல் புத்தகம் அங்கே இருக்கிறது. ஃபாடன் மோர் என்ற இடத்தில் கிடைத்ததால் அந்தப் பெயரிலேயே அழைக்கிறார்கள். கி.பி. 800 வாக்கில் எழுதியது. ஆயிரத்து இருநூறு வருஷம் சேற்றில் கிடந்ததில் தோல் பக்கங்கள் பாதி கூழாகிப் போயிருந்தன; சில இடங்களில் தோல் கரைந்துபோய் மை பட்ட எழுத்துகள் மட்டும் தனித்தனியாக மிஞ்சியிருந்தன. அட்டை மட்டும் தப்பியது. அதைப் பிரித்துப் பார்த்தபோது உள் ஒட்டாக பாப்பிரஸ் இருந்தது. நைல் நதிக்கரை நாணல்! அயர்லாந்துச் சதுப்பில்! எகிப்து அங்கே எப்படி வந்தது என்பதற்குப் பதில் இந்தப் பயணத்தின் கடைசியில் கல்லாகக் கிடைத்தது. அதற்கு முன்னால் மற்ற ஊர்கள்.

சுவிசேஷங்களை ஓவியங்களோடு கையால் எழுதிய கெல்ஸ் நூலைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது, முன்பதிவு செய்யுங்கள், விரித்துவைத்த பக்கத்தை மட்டும்தான் பார்க்கலாம். அதுவும் கி.பி. 800ஐ ஒட்டியதே. ஸ்காட்லாந்துக் கரையோரம் உள்ள அயோனா தீவு மடத்தோடு தொடர்புடையது. 563இல் கொலம் கில் என்ற அயர்லாந்துத் துறவி நிறுவிய அந்த மடத்தில் 806இல் வைக்கிங்குகள் 68 பேரைக் கொன்றார்கள். மிஞ்சியவர்களில் பலர் அடுத்த வருஷம் அயர்லாந்தின் கெல்ஸுக்கு இடம் பெயர்ந்தார்கள். கிறிஸ்துவின் பெயரின் முதல் எழுத்துகள் பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பக்கம் உண்டு. அதன் அடியில் எலிகள் அப்பத்தைக் கடிக்க, பூனைகள் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு அந்தப் பக்கத்தைவிட அது எழுதப்பட்ட தோல்தான் யோசனை தந்தது. எல்லாம் கன்றுத் தோல். அப்படி ஒரு புத்தகத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கன்றுகளை அறுத்தாக வேண்டும். அத்தனையை அறுத்தபின்பும் தொழுவம் நிறைந்திருந்த மடம் எவ்வளவு பெரிய பண்ணை என்று பாருங்கள்.

ஷானன் ஆற்றங்கரையின் பழைய மடமான க்ளான்மெக்நாய்ஸுக்கு டப்ளினிலிருந்து மேற்கே அத்லோன் வரை நெடுஞ்சாலை, அங்கிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் கிராமத்துச் சாலை. கார் இல்லாமல் போவது சிரமம். எதிரே டிராக்டர் வந்தால் யார் பின்னால் எடுப்பது என்று கண்ணாலேயே பேசிக்கொள்ள வேண்டிய அகலம்தான் சாலை. ஒரு வளைவு திரும்பியதும் ஷானன் ஆறு, அதன் ஈரப் புல்வெளி, மேட்டில் இரண்டு வட்டக் கோபுரங்கள், கூரையில்லாத சின்னச் சின்னக் கோயில்கள். வரும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: எவ்வளவு அமைதி! எனக்கு அதில்தான் சண்டை. இந்த அமைதி 1552க்குப் பிறகு வந்தது. அந்த வருஷம் அத்லோனில் இருந்த ஆங்கிலேயப் படை வந்து மணி, கண்ணாடி, புத்தகம் ஒன்று விடாமல் வாரிக்கொண்டு போனது. அதற்கு முன்னால் இது சந்தை இரைச்சலான ஊர்.

கதை 6ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்குகிறது. கீரான் என்ற இளந்துறவி சில சீடர்களோடு இங்கே வந்து முதல் கம்பத்தை நடும்போது, தலைமறைவாகத் திரிந்த டியர்மட் என்ற இளவரசன் கைகொடுத்தான் என்றும், பிறகு அவனே தாராவின் அரசன் ஆனான் என்றும் சொல்கிறார்கள். கீரான் மட்டும் ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. கொள்ளைநோயில், முப்பத்து மூன்று வயது வாக்கில் இறந்துபோனார். ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் லேசுப்பட்டவர் இல்லை. தீவைக் கிழக்கு மேற்காகக் கடக்கும் பழைய பாதை சதுப்புக்கு மேலே உயர்ந்த மணல்மேட்டில் ஓடிவந்து, வடக்கு தெற்காக ஓடும் ஷானனைச் சந்திக்கும் இடம் இதுதான். 1990களில் ஆற்றுக்குள் முங்கித் தேடியவர்கள் பெரிய மரப்பாலத்தின் கால்களைக் கண்டுபிடித்தார்கள்; அந்த ஓக் மரங்கள் 804ஆம் ஆண்டு வாக்கில் வெட்டப்பட்டவை. தனிமை தேடிப் போனவர்கள் பாலம் கட்ட மாட்டார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஒரே தீயில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்ததாக ஆண்டுக்குறிப்பு இருக்கிறது.

மடத்துக்கும் மடத்துக்கும் போர்கூட நடந்திருக்கிறது. 760இல் பிர் மடத்தோடு. 764இல் டரோ மடத்தோடு. அதில் டரோ தரப்பில் 200 பேர் செத்தார்கள். இரண்டுமே புனிதர்கள் நிறுவிய மடங்கள்! நிலமும் வாரிசு உரிமையும் அரசர் ஆதரவும் இருந்த இடத்தில் ஆயுதமும் இருந்தது. வைக்கிங்குகளை மட்டும் வில்லனாக்குவதும் சரியில்லை. 833இல் காஷெல் அரசன் ஃபெலிமி வந்து துறவிகளைக் கொன்று, கோயில் வாசல் வரை எரித்துவிட்டுப் போனான். அவனே துறவு ஒழுக்கம் பேசிய சமயவாதி என்பது கூடுதல் விசேஷம். பிற்பாடு அவன் வயிற்று நோயில் கிடந்தபோது, கீரான் தோன்றிக் கோலால் குத்தியதால்தான் அந்த நோய் என்று மடத்துக்காரர்கள் எழுதிவைத்துப் பழி தீர்த்துக்கொண்டார்கள்.

இந்த இரைச்சலுக்கு நடுவில்தான், வேதாகமக் காட்சிகளைச் செதுக்கிய வேதாகமச் சிலுவை வந்தது. சுமார் 4 மீட்டர் உயர மணற்கல். மழையில் கரையாமல் இருக்க அசலைப் பார்வையாளர் மையத்துக்கு உள்ளே வைத்துவிட்டு வெளியே நகலை நிறுத்தியிருக்கிறார்கள். முதலில் உள்ளே போய் அசலைப் பாருங்கள். பக்கவாட்டு விளக்கில் உருவங்கள் கல்லைவிட்டு எழுந்து வருகின்றன. ஒரு பக்கம் கல்லறைக்குள் கிறிஸ்து படுத்திருக்கிறார். மேலே காவல் வீரர்கள் ஈட்டியில் சாய்ந்து தூங்கி வழிகிறார்கள். ஒரு பறவை குனிந்து அவர் வாயில் அலகை வைத்து உயிரை ஊதுகிறது. விரல்கடை அளவு வேலை. அந்தப் பறவையை என் மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள். "ஏங்க, இந்தக் குருவியப் பாருங்க, மூச்சுக் குடுக்குது!" என்று அவள் போட்ட சத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மறுபக்கத்தின் அடியில் இரண்டு பேர் ஒரு கம்பத்தைப் பிடித்து நடுகிறார்கள். ஒருவர் துறவி, இன்னொருவர் வாள் வைத்தவர். கீரானும் டியர்மட்டும்தான் என்கிறார்கள். அடியில் தேய்ந்துபோன எழுத்துகளில் அரசன் ஃபிளானுக்காகவும், சிலுவையைச் செய்வித்த கோல்மானுக்காகவும் வேண்டிக்கொள்ளும்படி கேட்டிருக்கிறது. அரசன் ஃபிளான் சின்னா, மடாதிபதி கோல்மான், கி.பி. 900ஐ ஒட்டிய வருஷங்கள். இருவரும் சேர்ந்து 909இல் பெரிய கோயிலையும் கட்டினார்கள். பணம் கொடுத்தவன் பெயரைக் கல்லில் வெட்டும் வழக்கம் நமக்குப் புதிதா என்ன.

வெளியே வந்தால் காற்று முகத்தில் அறைகிறது. எழுநூறுக்கும் மேற்பட்ட பழைய கல்லறைப் பலகைகளும் துண்டுகளும் இங்கே கிடைத்திருக்கின்றன; நல்லவற்றை உள்ளே சுவரோரம் அடுக்கியிருக்கிறார்கள். பெரிய கோபுரம் 1124இல் முடிந்தது, 1135இல் இடி விழுந்து தலை போனது. கீரான் கோயில் என்பது நம் வீட்டுச் சமையலறை அளவுதான். அவரைப் புதைத்த இடம் என்பதால் விவசாயிகள் பல தலைமுறையாக அதன் மண்ணை அள்ளிக்கொண்டு போய் வயலின் மூலைகளில் போட்டிருக்கிறார்கள், பயிருக்கும் மாட்டுக்கும் காப்பு என்று. தரை தணிந்துபோய்விட்டது. அரை கிலோமீட்டர் கிழக்கே நடந்தால் கன்னியர் கோயில். 1167இல் டெர்வோர்கிலா என்ற அரசி கட்டி முடித்தது. 1152இல் அவளை லென்ஸ்டர் அரசன் தூக்கிக்கொண்டு போன பகைதான் சுற்றி வளைத்து, இங்கிலாந்தை ஆண்ட நார்மன்களை அயர்லாந்துக்குள் கூட்டிவந்தது. வளைவில் கோணல் கோடுகளும் மிருகத் தலைகளும் அற்புதம். கூட்டம் இங்கே வருவதே இல்லை.

சரி, எகிப்து. கெர்ரி கடலுக்குள் 218 மீட்டர் உயரப் பாறையாக நிற்கும் ஸ்கெல்லிக் மைக்கேலுக்குப் போகத்தான் ஆசை. உண்மையாகவே உலகத்தை விட்டு ஓடியவர்கள் தேன்கூடு வடிவக் கல் குடிசைகளில் வாழ்ந்த இடம் அது. எங்கள் படகு அலை அதிகம் என்று ரத்தாகிவிட்டது. அங்கே அது சகஜம். அதற்குப் பதிலாக டப்ளினுக்குத் தெற்கே கில்டேர் மாவட்டத்தில் உள்ள மூன் என்ற கிராமத்துக்குப் போனோம். இடிந்த மடத்துக் கோயிலுக்குள், கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு சிலுவை. 19ஆம் நூற்றாண்டில் துண்டு துண்டாகத் தோண்டி எடுத்து நிறுத்தியது.

மணற்கல் போல் இல்லை, கிரானைட். உளி நினைத்தபடி ஓடாது. அதனால் சிற்பி எல்லாவற்றையும் குறைத்துவிட்டான். பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் மூன்று வரிசையில் சதுர உடம்பு, பூசணித் தலை, ஒட்டிய இரண்டு பாதம். தானியேலைச் சுற்றி ஏழு சிங்கங்கள், எல்லாம் சாதுவாக. ஐந்து அப்பம் இரண்டு மீன் காட்சியில் மனிதர்களே கிடையாது; மீன்கள் விலாங்கு போல் நீண்டிருக்கின்றன. வேதாகமச் சிலுவையைவிட எனக்கு இதுதான் பிடித்தது. அங்கே அரசர்கள் தெரிகிறார்கள், இங்கே சிற்பி தெரிகிறான்.

அடிப்பகுதியின் ஒரு பக்கத்தில் உயர்ந்த நாற்காலிகளில் எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் அப்பம். தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்கு இவர்களை அறிமுகப்படுத்தவே வேண்டாம்: வனத்துச் சின்னப்பரும் வனத்து அந்தோணியாரும். எகிப்துப் பாலைவனத்தில் தனியே வாழ்ந்த சின்னப்பருக்குத் தினமும் அரை அப்பம் கொண்டுவந்த காகம், அந்தோணியார் தேடி வந்த அன்று முழு அப்பம் கொண்டுவந்தது. நீங்கள் பிட்டுங்கள், இல்லை நீங்கள் பிட்டுங்கள் என்று இருவரும் மரியாதையிலேயே பொழுதைப் போக்கி, கடைசியில் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பிரித்தார்கள். 4ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இந்தக் கதைகள் லத்தீனில் அயர்லாந்து வரை போய்விட்டன. அங்கிருந்த துறவிகளுக்கு இவர்கள்தான் மூதாதையர். மாடும் மன்னனும் வாளுமாக வாழ்ந்த மடங்கள், ஊர் ஊராக இந்த இருவரையும் கல்லில் வெட்டிக்கொண்டே இருந்தன. அதைப் பாசாங்கு என்று நான் நினைக்கவில்லை. தாங்கள் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மூனிலிருந்து கொஞ்ச நேரத்தில் காசில்டெர்மட் வந்துவிடும். அங்கே ஒரே தேவாலய வளாகத்தில் இரண்டு கிரானைட் சிலுவைகள், ஒரு வட்டக் கோபுரம். அங்கும் இந்த இருவரும் இருக்கிறார்கள். புல்லுக்குள் வீட்டுக் கூரை வடிவில் வளைந்த ஒரு கல்லறைக் கல்லையும் தேடிப் பாருங்கள். வடக்கு இங்கிலாந்து வைக்கிங்குகள் வைத்த வகை அது. அயர்லாந்தில் இது ஒன்றுதான் தெரிந்திருக்கிறது. கொள்ளையடிக்க வந்த வம்சத்தில் யாரோ ஒருவர் மடத்து மண்ணிலேயே இடம் பிடித்துவிட்டார். உயரம் குறைவு, பலகை எதுவும் பளிச்சென்று இல்லை, நாங்கள் இரண்டு சுற்று சுற்றித்தான் கண்டுபிடித்தோம்.