மாத்திரை நேரத்துக்குள் ஒரு துப்பறிதல்

மகளைத் தேடும் தாயைப் பற்றிய குற்றப் புனைவு என்றதும் பழகிய தடம் ஒன்று நம் மனத்தில் ஓடத் தொடங்கிவிடும். காவல்துறை கைவிட்ட வழக்கைத் தாய் தன் கையில் எடுப்பாள், ஊர் ஊராக அலைவாள், பொய் சொல்பவனின் கண்ணைப் பார்த்தே அவனைக் கண்டுபிடிப்பாள். அர்ஜென்டினா எழுத்தாளர் கிளாவுடியா பின்யேரோ 2007இல் ஸ்பானிய மொழியில் வெளியிட்ட ‘எலேனாவுக்குத் தெரியும்’ நாவலின் நாயகியால் அலைவது இருக்கட்டும், எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்ப்பதுகூட முடியாது. பார்க்கின்சன் நோய் அவளது கழுத்தைக் குனிய வைத்துவிட்டது. அறுபத்து மூன்று வயதில் அவள் காணும் உலகம் தரையும் காலணிகளும் மனிதர்களின் முழங்கால்களும் மட்டுமே.

அவளுடைய மகள் ரீட்டா தேவாலயத்தின் மணிக்கூண்டில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடைக்கிறாள். தற்கொலை என்று சொல்லி வழக்கை முடித்துவிடுகிறார்கள். பாதிரியாரும் அதையே சொல்கிறார். எலேனா ஏற்க மறுக்கிறாள். அன்று மழை பெய்தது. ரீட்டாவுக்குச் சிறுவயது முதல் இடி மின்னல் என்றால் அச்சம், மழை நாளில் அவள் தேவாலயத்தின் பக்கமே போகமாட்டாள், ஆகவே யாரோ அவளைக் கொன்றிருக்க வேண்டும் என்பது தாயின் வாதம். குற்றப் புனைவின் இலக்கணப்படி இது நல்ல தடயம்தான். வழக்கை விசாரித்த காவல் அதிகாரி அவள் பேச்சைப் பொறுமையாகக் கேட்டாலும் அதை எந்தக் கோப்பிலும் சேர்ப்பதற்கு வழியில்லை.

நாவல் முழுவதும் ஒரே நாளில் நிகழ்கிறது. காலை, நண்பகல், பிற்பகல் என்று மூன்று பகுதிகள். அவை முறையே இரண்டாவது, மூன்றாவது, நான்காவது மாத்திரையின் பெயரால் அமைந்திருக்கின்றன. பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா மாத்திரை உடலில் இறங்கி வேலை செய்யும் நேரத்துக்குள் எலேனா புறநகர் வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடந்து, ரயிலில் தலைநகர் புவேனோஸ் ஐரிஸுக்குப் போய், அங்கிருந்து வாடகை வண்டியில் பெல்கிரானோ பகுதிக்குச் சேர வேண்டும். முதல் பக்கங்களிலேயே அவள் வலது காலைத் தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயர்த்தி முன்னே வைக்க முயல்கிறாள். அந்த ஒரு அடியை பின்யேரோ மூளை கட்டளையிடுவதில் தொடங்கிப் பாதம் தரையைத் தொடுவது வரை துண்டு துண்டாக எழுதுகிறார். மருந்து வேலை செய்யாத நேரத்தில் அவள் வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையிலுள்ள தெருக்களின் பெயர்களை முன்னும் பின்னுமாக மனத்துக்குள் சொல்லிக்கொண்டு காத்திருக்கிறாள். வேறெந்தத் துப்பறியும் கதையிலும் ஒரு சாட்சியின் வீட்டை அடைவது எனக்கு இவ்வளவு பதற்றம் தந்ததில்லை. என் பெரியம்மா இந்த நோயோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர். காலை மாத்திரை பிடிக்கும் வரை கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டிலிருந்த நாங்கள் அதை ஓய்வு என்று எண்ணியிருந்தோம். அந்த நேரம் முழுவதும் அவர் எவ்வளவு உழைத்துக்கொண்டிருந்தார் என்பதை இந்த நாவல்தான் எனக்கு உணர்த்தியது.

எலேனா யாரைத் தேடிப் போகிறாள் என்பதில்தான் கதையின் உண்மையான குற்றம் ஒளிந்திருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் கருக்கலைப்புக்காக வந்த இசபெல் என்ற பெண்ணை ரீட்டா தெருவிலேயே மறித்து, வலுக்கட்டாயமாகத் திருப்பி அழைத்துப் போய்க் கணவனின் வீட்டில் விட்டிருக்கிறாள். அதன்பின் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தக் குடும்பத்தின் புகைப்படம் வாழ்த்தாக வந்து சேர்கிறது. அந்தப் புகைப்படங்களை நன்றியின் அடையாளமாகவே எலேனா எடுத்துக்கொள்கிறாள். தன் உடல் இனித் தேடலுக்கு உதவாது, ஆகவே இசபெல் தன் நல்ல உடலைக் கொண்டு அந்த நன்றிக்கடனைத் தீர்க்க வேண்டும், கொலையாளியைத் தனக்காகத் தேடித் தர வேண்டும் என்று நம்பித்தான் அவள் இத்தனை தூரம் வருகிறாள். ஒருத்தியின் உடல்மீது இன்னொருத்திக்கு என்ன உரிமை என்னும் கேள்வியை பின்யேரோ எந்தப் பிரசங்கமும் இல்லாமல் துப்பறியும் கதையின் நடுவே வைத்துவிடுகிறார். மகள் முன்பு செய்ததையே தாய் இப்போது வேறு உருவில் செய்ய வந்திருக்கிறாள்.

இந்த நாவல் வந்த காலத்தில் அர்ஜென்டினாவில் 1921ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமே நடைமுறையில் இருந்தது. பெண்ணின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து, வன்புணர்ச்சி போன்ற சில நிலைகளுக்கு வெளியே கருக்கலைப்பு அங்கே குற்றம். பின்யேரோ 2018இல் நாடாளுமன்ற விவாதத்தில் சட்டமாற்றத்துக்கு ஆதரவாகப் பேசினார். பதினான்கு வாரங்கள் வரை அதை அனுமதிக்கும் சட்டம் 2020 டிசம்பர் 30 அன்றுதான் நிறைவேறியது. பிரான்சிஸ் ரிடிலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2021இல் வந்து, மறு ஆண்டு சர்வதேச புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. இந்தியரான கீதாஞ்சலி ஸ்ரீ பரிசு பெற்றது அதே ஆண்டில்தான். அந்த மகிழ்ச்சியில் நம்மில் பலர் இந்தச் சிறிய நாவலைத் தவறவிட்டிருக்கக்கூடும். 2023இல் அனாஹி பெர்னேரி இயக்கத்தில் மெர்சிடிஸ் மொரான் எலேனாவாக நடித்த திரைப்படமும் வந்தது. ஆனால் எலேனாவின் குனிந்த பார்வைக்குள் வாசகர் அடைபட்டுக் கிடக்கும் அனுபவம் எழுத்தில்தான் முழுமையாகக் கிடைக்கும் என்பது என் எண்ணம், ஆகவே முதலில் நூலையே வாசியுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. பாதிரியாரின் பாத்திரம் நாவலின் வாதத்துக்கு ஏற்ப வளைக்கப்பட்டிருக்கிறது. அவர் வாயைத் திறந்தாலே அடுத்து வருவது என்னவென்று தெரிந்துவிடுகிறது. ரீட்டாவின் காதலன் ரொபெர்த்தோவுக்கும் இன்னும் சற்று இடம் கொடுத்திருக்கலாம். ஆனால் தாய்க்கும் மகளுக்கும் இடையிலான ஓயாத சண்டையை எழுதுகையில் பின்யேரோவின் கை சற்றும் தளரவில்லை. ரீட்டா தாயைக் கவனித்துக்கொள்கிறாள், மருத்துவரிடம் அழைத்துப் போகிறாள், அதே நேரத்தில் சுடுசொற்களால் அவளைப் பொசுக்குகிறாள். எலேனாவும் சளைத்தவள் இல்லை. பதிலுக்குப் பதில் கொடுக்கிறாள்.

முடிவை இங்கே எழுதப் போவதில்லை. முதல் வாசிப்பில் மழையையும் மணிக்கூண்டையும் சந்தேகத்துக்குரியவர்களையும் பின்தொடர்ந்து ஓடிய நான், இரண்டாம் முறை திறந்தபோது அந்தச் சண்டைகளிலும், ரீட்டா கவனித்துக்கொள்ளும் சின்னச் சின்ன வேலைகளிலும், அவள் பேசாமல் விட்ட இடங்களிலுமே எல்லாத் தடயங்களும் திறந்தபடி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். அவற்றுள் ஒன்றைக்கூட ஆசிரியர் மறைத்து வைக்கவில்லை. எலேனாவோடு சேர்ந்து நாமும்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.