ஒட்டகப் பொறுப்பு

டிசம்பர் 15
ஆரம்பித்துவிட்டார்கள். லிஃப்டுக்குள் 'ஜிங்கிள் பெல்ஸ்'. 1857-இல் வெளிவந்த பாட்டு. பனியில் குதிரை வண்டி ஓட்டுவதைப் பற்றியது. அதில் இயேசுவும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. நான் கிறிஸ்தவன் இல்லை; இருந்திருந்தால் இன்னும் கடுப்பாகியிருப்பேன்.

டிசம்பர் 19
ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரம்மா கிறிஸ்துமஸ் குடில் வைத்திருக்கிறார், இயேசு பிறந்த தொழுவத்தின் பொம்மைக் காட்சி. கேள்வி கேட்கலாம் என்று நேற்று ராத்திரி சுவிசேஷங்களைப் புரட்டினேன். லூக்காவில் தீவனத் தொட்டி வருகிறது, மாடும் கழுதையும் வரவில்லை. மத்தேயுவில் குழந்தையைப் பார்க்க ஞானிகள் வருகிறார்கள். எத்தனை பேர் என்று இல்லை. சொன்னேன். "தெரியுமே சார்" என்றபடி வைக்கோலைப் பரப்பினார். 1223-இல் இத்தாலியின் கிரெச்சோவில் அசிசியின் பிரான்சிஸ் என்ற துறவி நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் காட்டினாராம், ஜனங்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று. சண்டைக்கே வராதவரிடம் என்ன வாதாடுவது!

டிசம்பர் 20
அதே பாட்டு. படியேறினேன்.

டிசம்பர் 24
இத்தனை நாள் கவனிக்கவில்லை: குடிலில் குழந்தையே இல்லை. மரியாளும் யோசேப்பும் வெறும் வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முறைப்படி நள்ளிரவில்தான் வைக்க வேண்டுமாம். அப்போது ஆபீஸில் யார் இருப்பார்கள்? கிளம்பும் முன் அந்த அம்மா டிராயரிலிருந்து டிஷ்யூ பேப்பர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சுண்டுவிரல் நீளப் பொம்மை, ஒரு கையில் பெயின்ட் உரிந்திருந்தது.

குழந்தைக் கடவுள் நமக்குப் புதிதில்லை. ஆனால் கண்ணன் வெண்ணெய் திருடுவான், பூதகியைக் கொல்வான். இது எதுவும் செய்யவில்லை, சும்மா படுத்திருக்கிறது. பெரியவர்கள்தான் சுற்றி வந்து மண்டியிடுகிறார்கள். இந்தக் கற்பனை பிடித்திருக்கிறது. யாரிடமும் சொல்லப்போவதில்லை.

டிசம்பர் 25
லீவு. ஒரு மெயில்கூட இல்லை. இதற்காகவே பாதி மன்னிக்கலாம். 1659-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பியூரிட்டன்கள் என்ற கறாரான கிறிஸ்தவப் பிரிவினர் இந்த நாளைக் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டார்கள், 1681-இல்தான் எடுத்தார்கள். அதிபக்திமான்களுக்கே பொறுக்கவில்லை என்றால் நிச்சயம் நல்ல பண்டிகைதான்.

டிசம்பர் 26
ஜனவரி 6 வரை குடில் இருக்குமாம். ஞானிகள் அன்றுதான் வந்து சேர வேண்டும். அதுவரை தினம் கொஞ்சம் நகர்த்த வேண்டும். மேஜைக்காரம்மா ஊருக்குப் போகிறார். ஞானிகளின் ஒட்டகங்களை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் என்று ஸ்கேல் வைத்து அளந்துகொண்டேன்.