ஜாமீன் கிடைத்தும் பதினோரு நாள் உள்ளே

தம்பிக்கு ஜாமீன் உத்தரவானதும் ராத்திரியே வந்துவிடுவான் என்று அம்மா அவன் துணிகளை எல்லாம் துவைத்துப் போட்டார். அவன் வந்தது பதினொன்றாம் நாள்.

மனு, விசாரணை எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன. மாட்டிக்கொண்டது ஜாமீன்தாரர்களில், அதாவது அவனுக்காகப் பொறுப்பேற்று நிற்கும் ஆட்களில்தான். தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு பேர். அம்மா ஒருவர், பக்கத்து மாவட்டத்திலிருந்து மாமா இன்னொருவர்.

சொத்துக்குச் சான்றாக மாமா கொண்டுவந்த வீட்டு வரி ரசீது, இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தது. நீதிமன்ற எழுத்தர் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாமா ஊருக்குப் போய், தன் பெயரில் பட்டா இருக்கும் நிலத்துக்கு வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கி வந்தார். இப்போது அதே எழுத்தர், "வெளி மாவட்டச் சொத்து ஆகாது, உள்ளூர் ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்கிறார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே! தினக்கூலிக்குப் போகிறவர் மாமா.

நீதிமன்ற வாசலில் ஒருவர், பணம் கொடுத்தால் ஜாமீனுக்கு ஆள் தருவதாகச் சொன்னார். அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆவணம் போலி என்று தெரிந்தால் ஜாமீனும் போகும், புது வழக்கும் வரும்.

எட்டாம் நாள்தான் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். முதலிலேயே போயிருக்க வேண்டும். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருகிறார்கள். ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளரே ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று நிபந்தனை போட வேண்டாம் என்றும் அதே உத்தரவில் இருக்கிறது. இரண்டுமே எங்களுக்குத் தெரியாது.

ஆணைக்குழு தந்த வக்கீல் எங்கள் மனுவில் உச்ச நீதிமன்றத்தின் 1978 மோதி ராம் தீர்ப்பையும் சேர்த்தார். மோதி ராம் ஒரு கொத்தனார். அவருக்கும் 10,000 ரூபாய்தான் ஜாமீன். அண்ணனோ தம்பியோ ஜாமீன் நிற்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்திருக்கிறார். அது தவறு என்றார் நீதிபதி கிருஷ்ணய்யர். படித்தபோது எங்கள் கதையையே யாரோ எழுதிவைத்த மாதிரி இருந்தது.

எங்கள் வழக்கின் நீதிபதி பத்து நிமிடத்தில் மாமாவை ஏற்றுக்கொண்டார். போட்டோ, கைரேகை, ஆதார் நகல் எல்லாம் முடிய சாயங்காலம் ஆகிவிட்டது. உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அன்றைக்குச் சிறையை அடைத்துவிட்டார்கள். ஆகவே, முடிந்தவரை காலையிலேயே போய் ஜாமீன் பத்திரத்தை முடித்துவிடுங்கள்.

மறுநாள் வெளியே வந்தவன் முதலில் கேட்டது, "மாமாவுக்கு எத்தனை நாள் கூலி போச்சு?"